தலைமுடி: வேரும் நாரும்

நான்கு வருடங்களுக்கு முன் என் மகள் பிறந்தபோது, உதவிக்காகத் திருச்சியிலிருந்து அம்மா வந்திருந்தார். பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான்களோடு இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெயும் வந்தது. நாங்கள் இருப்பது இல்-பிசார். மாண்ட்ரியலுக்கு வடமேற்கே, ஒரே ஒரு பாலத்தால் பெருந்தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தீவு. வீட்டுச் சூடு 21 டிகிரி. தேங்காய் எண்ணெய் உருகுவது 24, 25 டிகிரியில். எனவே அந்த எண்ணெய் அக்டோபரில் உறைந்து மே மாதம் வரை உருகவேயில்லை. அம்மா தினமும் கரண்டியால் சுரண்டி, அடுப்படியில் வைத்து இளக்கி என் தலையில் தேய்ப்பார்.

பிப்ரவரியில் என் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில், தலையணையில், குளியலறை வடிகாலில், குழந்தையின் கைவிரல்களுக்கு நடுவில் என்று எங்கு பார்த்தாலும் முடி. "இந்த ஊர் தண்ணி உனக்குச் சேரலடி" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். நானும் நம்பினேன். கேன் தண்ணீர் வாங்கிச் சுடவைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஷாம்பூவை மூன்று முறை மாற்றினேன். எண்ணெயில் கறிவேப்பிலை, வெந்தயம், கரிசலாங்கண்ணிப் பொடி எல்லாம் சேர்ந்தன. கடைசியில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் மருத்துவரிடம் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "பிரசவத்துக்குப் பின் எல்லோருக்கும் நடப்பதுதான். தானாக நிற்கும்." நின்றது.

ஆனால் அதே குளிர்காலத்தில், அதே வீட்டில், வேறொரு தலையிலும் முடி மெலிந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த இரண்டு அனுபவங்களுக்குப் பிறகுதான் முடியைப் பற்றி உருப்படியாகப் படிக்கத் தோன்றியது. நான் மருத்துவர் அல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். எம்.எஸ். படிக்கும்போது பொருள் அறிவியலில் இரண்டு பாடங்கள் எடுத்திருந்தேன். அது இங்கே கொஞ்சம் உதவியது.

வேர் வேறு, நார் வேறு

முடியைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை ஓர் எளிய உண்மையை மறப்பதால் வருகின்றன. தோலுக்கு மேலே நாம் பார்க்கிற முடி உயிரற்ற நார். தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மயிர்க்கால்தான் உயிருள்ள உறுப்பு. நாரை வெட்டினால் வலிக்காது. திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக இறக்கப்படும் முடி வெளிநாடுகளில் சவுரியாகவும் டோப்பாவாகவும் வருடக்கணக்கில் உழைப்பதும் அது உயிரற்ற பொருள் என்பதால்தான். அதற்கு 'ஊட்டம்' கொடுக்க முடியாது. உடுப்பைப் பராமரிப்பதுபோல் பராமரிக்கத்தான் முடியும்.

மயிர்க்காலுக்கு வேண்டிய ஊட்டம் இரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. உணவு, இரும்புச் சத்து, தைராய்டு, பிற ஹார்மோன்கள், காய்ச்சல், வயது, பரம்பரை ஆகியவையே அதைப் பாதிக்கின்றன. ஆகவே முடிப் பிரச்சினை எதுவானாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இது வேரின் பிரச்சினையா, நாரின் பிரச்சினையா என்பதைத்தான். உதிர்ந்த முடி முழு நீளத்தில், ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழோடு இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாத துண்டு துண்டான முடிகள் என்றால் நார் நடுவில் முறிந்திருக்கிறது. முதல் வகைக்கு ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை. இரண்டாவது வகைக்கு மாத்திரை விழுங்கிப் பயனில்லை.

ஒரு நாளைக்கு நூறு

தலையில் சுமார் 1,00,000 மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுழற்சியில் இயங்குகிறது. வளரும் பருவம் 2 முதல் 6 வருடங்கள். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் சுருங்கும் பருவம். அதன்பின் ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வு. ஓய்வின் முடிவில் பழைய முடி விழுந்து, புது முடி முளைக்கிறது. எந்த நேரத்திலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10,000 முடிகள் ஓய்வில் இருக்கும். அவை 100 நாட்களில் விழுந்தாக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 100 முடி. கணக்குச் சரியாக வருகிறது. தினம் 50 முதல் 100 முடி விழுவது நோயல்ல, நடைமுறை. வாரம் ஒருமுறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு ஒரு வாரத்து முடி ஒரே நாளில் வந்து பயமுறுத்தும்.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகமாக இருப்பதால் பல மயிர்க்கால்கள் ஓய்வுக்குப் போகாமல் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. பின்னல் தடித்து, பார்ப்பவர்கள் கண் வைக்கும் காலம் அது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் இறங்கியதும், விடுப்பைத் தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் விடுப்பு எடுப்பதுபோல், அவை மொத்தமாக ஓய்வுக்குப் போகின்றன. 2 முதல் 4 மாதங்கள் கழித்து மொத்தமாக விழுகின்றன. மயிர்க்கால்கள் பழுதாகவில்லை என்பதால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் பழைய நிலை திரும்புகிறது.

கடும் காய்ச்சல், டெங்கு, அறுவை சிகிச்சை, பட்டினி உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பிறகும் இதே கதைதான். 2020-க்குப் பின் கோவிட் வந்து போன பலருக்கும் இப்படித்தான் கொட்டியது. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே மூன்று மாத இடைவெளி இருப்பதால் நாம் தவறான ஆளைப் பிடித்துவிடுகிறோம். முடி கொட்டும் மாதத்தில் என்ன மாறியது என்று பார்க்காமல், அதற்கு மூன்று மாதம் முன்பு உடம்புக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். புது ஊருக்குக் குடி வந்தவர்கள் தண்ணீரைத் திட்டுவதும் இதனால்தான். கடின நீர் முடியில் சுண்ணாம்பு உப்பைப் படியவைத்துச் சொரசொரப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் அது நாரின் மேல் நடக்கும் வேலை. எங்கள் தீவைச் சுற்றி ஓடும் ஒட்டாவா ஆற்று நீரோ, நம் ஊர் போர்வெல் தண்ணீரோடு ஒப்பிட்டால் மென்மையானது. வீணாகப் பழி சுமந்தது.

மூன்று தலை, மூன்று வகை

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நேரான மெல்லிய முடி. எனக்கு அலை அலையான முடி. என் மகளுக்கு அவள் அப்பா வழியில் நல்ல சுருட்டை. மூன்று தலைக்கும் ஒரே சீப்பு, ஒரே ஷாம்பூ என்றுதான் நாங்கள் வெகுநாள் ஓட்டினோம்.

முடி நாரின் குறுக்குவெட்டைப் பார்த்தால் நடுவே கெரட்டின் இழைகள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன. அதன்மேல் ஓட்டு வீட்டின் கூரைபோல் 5 முதல் 10 அடுக்குச் செதில்கள். ஓடுகள் வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால்தான் மேலிருந்து கீழே தடவினால் வழவழப்பாகவும் கீழிருந்து மேலே தடவினால் சொரசொரப்பாகவும் இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பு வரை 70 சென்டிமீட்டர் கூந்தல் இருந்தால், அதன் நுனிக்கு வயது ஆறு. ஆறு வருட வெயிலும் சீப்பும் சோப்பும் பார்த்த ஓடுகள் அங்கே தேய்ந்து போயிருக்கும். நுனி வெடிப்பு என்பது இதுதான். வெட்டிவிடுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

நேரான முடி: குறுக்குவெட்டு வட்டத்துக்கு நெருக்கமாக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் தடையில்லாமல் வழிந்து இறங்கும். ஆகையால் சீக்கிரம் பிசுபிசுக்கும். அடிக்கடி அலச வேண்டும், எண்ணெய் குறைவாகப் போதும். ஈரமாக இருக்கும்போது முடி எளிதில் நீண்டு முறியும் என்பதால், முக்கால்வாசி உலர்ந்த பிறகு சீவுவது நல்லது.

சுருட்டை முடி: குறுக்குவெட்டு நீள்வட்டமாக, சில இடங்களில் பட்டையாகவே இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் முறுக்கிலும் இழுவிசை குவிகிறது. ஒரு கம்பி எங்கே வளைந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் முறியும். தலை எண்ணெயும் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு வந்து சேராது. எனவே சுருட்டை எப்போதும் உலர்ந்தே இருக்கும். அதை உலர்ந்த நிலையில் சீவினால் முறியும். குளிக்கும்போதே கண்டிஷனர் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் மகளின் பகல்நேரக் காப்பகத்தில் வேலை செய்யும் ஹெய்ட்டிப் பெண்மணி. மாண்ட்ரியலில் ஹெய்ட்டி மக்கள் நிறைய இருக்கிறார்கள். ஆப்பிரிக்க முடிவகையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அவர்களது அனுபவம், சுருட்டை முடியை 'அடங்காத முடி' என்று எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியே பழகிய நமக்கு ஒரு பாடம்.

அலை முடி: இரண்டுக்கும் நடுவே. வேர்ப்பகுதி பிசுபிசுக்கும், நுனி வறளும். ஷாம்பூ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் கீழ்ப்பாதிக்கு என்று பிரித்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எல்லா வகைக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. இறுகக் கட்டாதீர்கள். பள்ளிக்கூட நாட்களில் கண் இழுபடும் அளவுக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பனால் தூக்கிக் கட்டுவார்களே, அதே இழுப்பு வருடக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோரத்து மயிர்க்கால்கள் நிரந்தரமாகக் கெட்டுவிடும். இறுக்கமான ஆப்பிரிக்கப் பின்னல்களிலும், முடியை இழுத்துக் கட்டும் சீக்கியர்களிடமும் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இது நார்மேல் போடும் இழுப்பு வேரையே பறிக்கும் இடம்.

குளிர்நாட்டுக் கணக்கு

−10 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சம் 2 கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்க முடியும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 21 டிகிரிக்குச் சூடாகும்போது அதற்கு 18 கிராம் கொள்ளளவு. ஆக ஈரப்பதம் சுமார் 12 சதவீதம். சமையல், குளியல், நாம் விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து இதைக் கொஞ்சம் கூட்டும். சென்னையில் சாதாரண நாளில் இதே கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் இருக்கும். முடி காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை ஏற்று இறக்கும் பொருள். ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது தன் எடையில் 15 சதவீதம் அளவுக்கு நீர் வைத்திருக்கும். 20 சதவீதத்துக்கு இறங்கினால் அதில் பாதிகூட இருக்காது. முடி விறைப்பாவதும், கம்பளித் தொப்பியைக் கழற்றியதும் மின்னேற்றத்தில் எழுந்து நிற்பதும் இதனால்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. வீட்டில் ஈரமூட்டி வைத்து 30 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வைத்துக்கொள்வது (அதிகமானால் ஜன்னலில் நீர் கோர்த்துப் பூஞ்சை வரும்). இங்கே 'தூக்' என்று சொல்லும் கம்பளித் தொப்பிக்குள் வழுக்கலான சாட்டின் துணி வைத்துத் தைப்பது. குளிர்காலத்தில் தலைக்குக் குளிப்பதைக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் போடுவது.

அம்மாவின் தேங்காய் எண்ணெய்? அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2003-ல் மும்பை மரிக்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரேலேயும் மொஹிலேயும் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே அலசும்போது முடியிலிருந்து புரதம் கரைந்துபோவதைக் கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறு நாருக்குள் நுழைகிறது என்பது விளக்கம். மரிக்கோ தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தலைக்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்க்கும் நம் வழக்கத்துக்கு இது பொருந்தி வருகிறது. கவனியுங்கள், இங்கே பேசப்படுவதும் நார்தான். எண்ணெய் முடியை வளர்க்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயை ஊறவிடுவது, கொழுப்பைத் தின்னும் பொடுகுப் பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும்.

வயதும் முடியும்

ஒரே மயிர்க்கால் வாழ்நாளில் பலவிதமான முடியைத் தருகிறது. குழந்தையின் பூமுடி முதல் இரண்டு வருடங்களில் தானே மாறித் தடிக்கிறது. நாம் மொட்டை அடிப்பதும் அதே வயதில்தான். 'மொட்டை போட்டதால் அடர்த்தியாச்சு' என்ற நம்பிக்கை இப்படி வந்தது. நாரை வெட்டினால் வேருக்குத் தெரியாது. குலதெய்வத்துக்காக மொட்டை போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். பருவ வயதில் ஹார்மோன்கள் மயிர்க்காலின் வடிவத்தையே மாற்றலாம். நேர்முடி சுருள்வதும், எண்ணெய் அதிகம் சுரப்பதும் அப்போதுதான்.

ஆண்களில் பலருக்கு இருபதுகளிலும் முப்பதுகளிலும் மயிர்க்கால்கள் சுருங்கத் தொடங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோனும் பரம்பரையும் காரணம். நெற்றியோரமும் உச்சியும் முதலில் போகும். பெண்களுக்கு முடியின் தடிமன் நாற்பதை ஒட்டி உச்சத்தை அடைந்து பின் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் வகிடு அகலமாவது தெரியும். தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. இளவயதில் தினம் ஷாம்பூ போட்டவர் அறுபதிலும் அதையே செய்தால் முடி வைக்கோலாகும். பரம்பரை வழுக்கைக்கு ஆதாரமுள்ள மருந்துகளில் முக்கியமானவை மினாக்ஸிடிலும் ஃபினாஸ்டரைடும். முதலாவது இரத்த அழுத்த மாத்திரையாக வந்து, முடி வளரவைத்த பக்கவிளைவால் 1988-ல் அமெரிக்காவில் தலைக்குத் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. இரண்டாவது 1997-ல் ஆண்களின் வழுக்கைக்காக அனுமதி பெற்றது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு அது கூடாது. எதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நரை என்பது மயிர்க்காலில் நிறமி செய்யும் செல்கள் தீர்ந்துபோவது. ஆசியர்களுக்குப் பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பாதியில் தொடங்குகிறது. 25 வயதுக்கு முன் வந்தால் இளநரை. அதற்குப் பெரும்பாலும் பரம்பரையே காரணம். என்றாலும் பி12 குறைவு, தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது, முக்கியமாக சைவ உணவுக்காரர்கள்.

கவலைக்கும் நரைக்கும் தொடர்பு உண்டா? புறநானூற்றில் பிசிராந்தையார் தனக்கு ஏன் நரைக்கவில்லை என்பதற்கு நல்ல குடும்பம், நல்ல அரசன், நல்ல சான்றோர் என்று காரணம் அடுக்குகிறார். பிசார்வாசியான எனக்குப் பிசிர் ஊர்க்காரர் மேல் தனிப் பிரியம் உண்டு. அவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை போலிருக்கிறது. 2020-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், மன அழுத்தத்தில் நரம்புகள் விடும் நார்அட்ரினலின் எலிகளின் நிறமி ஸ்டெம் செல்களைத் தீர்த்துவிடுவதைக் காட்டினார்கள். 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில் 14 பேரின் முடிகளை இழை இழையாகப் பார்த்தபோது, விடுமுறைக்குப் போன ஒருவரின் ஐந்து முடிகள் மீண்டும் கறுத்திருந்தன. ஐந்துதான். எனவே விடுமுறை எடுத்தால் தலை முழுக்கக் கறுக்கும் என்று யாரும் டிக்கெட் போட வேண்டாம்.

சாயம் பூசுபவர்களுக்கு ஒன்று. கறுப்புச் சாயங்களில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்து திடீரென்றும் வரும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள். மருதாணி தனியாக ஒருபோதும் கறுப்பாகாது. 'கறுப்பு மருதாணி' என்று விற்றால் அதில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கும்.

அம்மாவின் பின்னல்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அந்த இன்னொரு தலை. என் முடிக்காகக் கேன் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்த அம்மாவின் பின்னல் எலிவால் போலாகியிருந்தது. "எனக்கென்ன, வயசாச்சு" என்றார். சதா குளிர்கிறது என்றார். மாண்ட்ரியல் பிப்ரவரியில் யாருக்குத்தான் குளிரவில்லை? சோர்வாக இருக்கிறது என்றார். கைக்குழந்தை உள்ள வீட்டில் யார்தான் சோர்வாக இல்லை? முடிக்கு நல்லது என்று நானே மருந்துக் கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவர் புருவங்களின் வெளிப்பாதி மெலிந்திருந்ததை, அப்போது எடுத்த புகைப்படங்களில் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஊருக்குத் திரும்பி, திருச்சி வெயிலிலும் போர்வை கேட்டபோதுதான் அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. மருத்துவர் முதலில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, பயோட்டினைச் சில நாட்கள் நிறுத்தச் சொன்னார். அதிக அளவு பயோட்டின் இரத்தப் பரிசோதனை முடிவுகளையே திரித்துவிடும் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. தைராய்டு சோதனையும் அதில் அடக்கம். பிறகு எடுத்த சோதனையில் தைராய்டு குறைபாடு நன்றாக முற்றியிருந்தது தெரிந்தது. தினம் ஒரு சிறு மாத்திரை. ஆறேழு மாதங்களில் குளிர் போயிற்று, நடை வேகமாயிற்று, பின்னலும் ஓரளவு தேறியது.

தானாகச் சரியாகக்கூடிய என் முடிக்கு வீடே அமர்க்களப்பட்டது. மருத்துவம் தேவைப்பட்ட அம்மாவின் முடியை வயது என்று சொல்லி ஒதுக்கிவிட்டோம். ஆகவே பின்வரும் அறிகுறிகள் இருந்தால் எண்ணெய்க் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்:

- ஆறு மாதத்துக்கு மேல் நிற்காமல் கொட்டுதல்
- காசு காசாக வழுக்கை விழுதல் (புழுவெட்டு)
- தலைத்தோலில் சிவப்பு, வலி, சீழ் அல்லது தழும்பு
- முடியோடு சேர்ந்து சோர்வு, குளிர் தாங்காமை, எடை மாற்றம், மாதவிடாய்க் கோளாறு
- புருவமும் சேர்ந்து மெலிதல்

தைராய்டும் இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சாதாரண இரத்தப் பரிசோதனைகள். ஒரு நல்ல ஷாம்பூ, கண்டிஷனர், மூலிகை எண்ணெய் மூன்றின் மொத்த விலையைவிட நம் ஊரில் அவற்றுக்கு அதிகம் ஆகாது.

இந்த வருடம் அம்மா மறுபடி வருகிறார். தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், பேத்தியின் சுருட்டைக்கு வேண்டும். கூடவே கடைசியாக எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டையும்.